வடக்குக் கூரைக்குப் பீலி இல்லை

ஜூன் 3

கோயிலின் உள்ளளவு எடுத்து முடித்தேன். நீளம் எண்பத்து நான்கு அடி, அகலம் இருபத்தாறு. நான்கு மூலைகளில் ஒன்றுகூட மூலைமட்டத்துக்கு நிற்கவில்லை. கட்டிய சாமியார் கயிறு பிடித்திருக்க மாட்டார், காலால் எட்டு வைத்து அளந்திருப்பார். ஒரு கால் கொஞ்சம் குட்டை போலிருக்கிறது. போகட்டும், நூற்றைம்பது வருடம் நின்றுவிட்டது, அதை மன்னிக்கலாம்.

பீடத்தை மன்னிக்க முடியாது. பின்சுவர் முழுக்க வெளிர்நீலத்தில் பூப்போட்ட குளியலறை ஓடு. ஃபாதர் அப்பத்தை உயர்த்தும்போது பக்கத்தில் ஒரு வாளியும் சோப்புப் பெட்டியும் இல்லாததுதான் குறை. அந்த ஓட்டுக்குப் பின்னால் சுண்ணாம்பில் செய்த திராட்சைக் கொடி ஒன்று இருந்தது. சின்ன வயதில் பூசை முழுக்க அதன் இலைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். கொத்தி எடுத்துவிட்டார்களா, அப்படியே மூடிவிட்டார்களா என்று கேட்டேன். கமிட்டியில் யாருக்கும் ஞாபகமில்லை.

சுவருக்கு எனாமல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவருக்கு எனாமல்! உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாக நிற்கிறது. ஒன்றை விரலால் அழுத்தினேன், பழுப்புத் தண்ணீர் மணிக்கட்டு வரை வழிந்தது. ஜூபிலி கமிட்டித் தலைவர் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், வேறெங்கும் எழுத முடியாது.

முப்பது வருடம் கட்டட ஆபீசில் வரைபடம் போட்டவள் இப்போது வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று என் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டார்கள். அளவு வரைபடம், மழைத்தண்ணீர் வெளியேற வழி, ஜூபிலி மலருக்குக் கோயில் வரலாறு. போதாததற்கு 'டேப்பு' என்று ஒரு பட்டப்பெயர் வேறு.

ஜூன் 5

கை இன்னும் பெயிண்ட் நாற்றம் அடிக்கிறது. மூன்று முறை கழுவியாயிற்று.

ஜூன் 9

வரலாற்றுக்காகப் பழைய அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். முகப்பைப் பற்றி எல்லோரும் அப்படி மெச்சியிருக்கிறார்கள். முகப்பின் உயரம் முப்பத்தெட்டு அடி. பின்னால் இருக்கும் கூரை இருபத்திரண்டு. அதாவது பதினாறு அடிக்கு வெறும் சுவர், ரோட்டில் போகிறவன் அண்ணாந்து பார்ப்பதற்காக. பின்பக்கம் போய்ப் பார்த்தால் முட்டுக் கொடுத்த நாடகப் படுதா. ஆரம்பத்திலிருந்தே நமக்கு மேனாமினுக்கி வேலைதான் பிடித்திருக்கிறது.

தெற்குக் கூரைக்குத் தகரப் பீலி உண்டு. ஓட்டிலிருந்து விழும் தண்ணீர் அதில் இறங்கிக் குழாய் வழியாக ஓடிவிடுகிறது. வடக்குக் கூரைக்கு இல்லை. விளிம்பிலிருந்து நேரே தரையில் விழுந்து தெறித்து, சுவரின் கால் நனைந்து நனைந்து, சுவரைத் தாங்க வெளியே நீட்டிக் கட்டிய முட்டுச்சுவர்களுக்கு நடுவில் இடுப்பளவுக்குப் பாசி. ஏன் இல்லை? இரண்டாவது பங்குச் சாமியார் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் பதில் இருந்தது: தகரம் போதவில்லை. நான் மலருக்கு எழுதிவிட்டேன்: "தகரம் தீர்ந்துபோனதால் வடக்குப் பக்கம் அம்போவென்று விடப்பட்டது. அடுத்த தலைமுறையாவது முடித்திருக்கலாம், அவர்களுக்கும் தோன்றவில்லை." படித்துப் பார்க்க எனக்கே சிரிப்பாக இருந்தது.

மணியடித்து மெழுகுதிரி ஏற்றும் கோயில்பிள்ளை நான் வடக்குச் சுவரை அளப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வடக்கால கை வைக்க வேணாம்மா."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம். பழைய எடம்."

எழுபது வயது ஆளுக்கு ஒரு காரணம் சொல்லத் தெரியவில்லை. கோயிலே பழைய இடம்தானே ஐயா.

ஜூன் 14

ஈரம் எங்கே அதிகமோ அங்கே ஒரு சோதனைக் குழி போடச் சொன்னேன். வாசலிலிருந்து எண்ணினால் மூன்றாவது முட்டுச்சுவருக்கும் நான்காவதுக்கும் நடுவில். மூன்றடிக்கு மூன்றடி. மேஸ்திரியின் ஆட்கள் கடப்பாரை போட்டு அரை நாளில் தோண்டிவிட்டார்கள். அஸ்திவாரம் கருங்கல், நன்றாகவே இருக்கிறது. மேல் மண்ணில் உடைந்த ஓடு நிறைய. கோயில் கூரையில் இருக்கும் அதே அரைவட்ட ஓடு.

நோட்டில் குறித்தது: "மண்ணில் ஓட்டுச் சில்லுகள். பழைய கட்டட இடிபாடு. பள்ளம் நிரப்ப உகந்தது."

கோயிலுக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜூபிலிக்கு வரும் கார்களை நிறுத்த அதை மேடாக்க வேண்டும் என்று தலைவர் குதித்துக்கொண்டிருந்தார். மண் எங்கிருந்து வரும் என்ற கவலை தீர்ந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று என் முதுகில் தட்டாத குறை.

ஜூன் 15

அம்மாவோடு சண்டை. வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள்.

"இந்தக் கோடு என்ன?"

"பீலிம்மா. வடக்குப் பக்கத்துக்கு. கீழ ஒரு கால்வாய். சுவர் காயும்."

"வடக்குக்கு வேணாம்."

"நீ எப்ப எஞ்சினியர் ஆன?"

"இத்தனை வருஷம் பீலி இல்லாம நின்னுதானே இருக்கு. நீ ஒண்ணும் தாங்கிப் பிடிக்க வேணாம்."

பிடிவாதம் பிடித்த பொம்பளை. பூசை முடிந்தால் எல்லோரும் பெரிய வாசல் வழியாக வருவார்கள், இவள் மட்டும் வடக்குக் கதவு வழியாக வருவாள். மழை நாளில் கூரைத் தண்ணீர் தலையில் விழ நனைந்துகொண்டு வந்து, ஒரு வாரம் இருமுவாள். எண்பத்து மூன்று வயது. சொன்னால் கேட்க வேண்டாமா? கோபத்தில் கோயில்பிள்ளையும் நீயும் ஒரே பள்ளிக்கூடமா என்று கேட்டுவிட்டேன். முகம் சுருங்கிப்போனது. சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 28

கமிட்டிக் கூட்டம். வரைபடம் ஏகமனதாக நிறைவேறியது. தெற்குக் கூரையின் பழைய ஓடுகளைக் கழற்றிப் புது ஓடு போடுவது, வடக்கே பீலியும் கால்வாயும், தோண்டிய மண் முன்பள்ளத்துக்கு. அரை மணி நேரம் இதற்கு. மீதி இரண்டு மணி நேரம் கல்வெட்டில் யார் பெயர் எந்த வரிசையில் என்பதற்கு. தலைவர் தன் பெயருக்குக் கீழே கடைப் பெயரும் வர வேண்டும் என்றார். "விளம்பரத்துக்கு இல்ல, அடையாளத்துக்கு." அடையாளமாம். ஃபாதர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான். யாராவது சத்தமாகப் பேசினால் தரையைப் பார்ப்பார்.

ஜூலை 7

கால்வாய் தோண்ட ஆரம்பித்தாயிற்று. சோதனைக் குழியிலிருந்து தொடங்கிப் பீடத்துப் பக்கமாக. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. டிராக்டர் நான்கு லோடு அடித்தது, எல்லாம் முன்பள்ளத்தின் மூலைக்கு. மேஸ்திரி சீட்டு நீட்டினார், நான் கையெழுத்துப் போட்டேன். நல்ல வேகம்.

ஜூலை 8

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

காலை பத்து மணி. நான் தெற்கே ஓடு கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடக்கே சத்தம் நின்றது. போய்ப் பார்த்தால் மண் சுமக்கும் சித்தாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறாள். மேஸ்திரி கத்துகிறார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலடியில் மடியிலிருந்து இறக்கி வைத்ததுபோல ஒன்றை வைத்திருந்தாள்.

அரைவட்ட ஓடு இரண்டு. ஒன்று கீழே, ஒன்று மேலே கவிழ்த்து. இரண்டு முனையும் சுண்ணாம்பு வைத்துப் பூசி மூடியிருந்தது. பூச்சில் விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது.

"இது இடிபாடு இல்லக்கா. பொட்டி."

"திறந்தியா?"

"ஒரு பக்கம் கடப்பாரை பட்டு வுட்டுப்போச்சு. பாத்துட்டேன். புள்ளக்கா. இனிமே நான் தோண்ட மாட்டேன்."

குனிந்து பார்த்தேன். கறுத்த மண். அதில் தீக்குச்சி அளவு எலும்பு, மூன்றோ நான்கோ. நாற்றம் எதுவும் இல்லை. எழுந்து பார்த்தால் தோண்டிய பக்கவாட்டில் வரிசையாக ஓட்டின் வாய்கள். ஒன்று, இரண்டு, ஐந்து... மேலே ஒரு அடுக்கு, கீழே ஒரு அடுக்கு. எல்லாம் கூரை விளிம்புக்கு நேர் கீழே. நூல் பிடித்த மாதிரி.

நேற்று நான்கு லோடு.

"பள்ளம் நிரப்ப உகந்தது." என் கையெழுத்து. அழகான கையெழுத்து என்று ஆபீசில் எல்லோரும் சொல்வார்கள். சீ.

தலைவர் வந்தார். பார்த்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார், நாற்றமே இல்லாத இடத்தில். "பழைய ஓட்டுக்கு இவ்வளவு கலாட்டாவா? மொத்தமா அள்ளி ஒரு குழியில போட்டு மூடுங்க. ஜூபிலிக்கு நாப்பது நாள்தான் இருக்கு."

வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சித்தாள் தன் துண்டை எடுத்து அந்த ஓட்டை மூடிவிட்டுத்தான் போனாள். அவள் இந்தக் கோயில்காரிகூட இல்லை.

ஜூலை 9

கோயில்பிள்ளையை மணிக்கூண்டின் கீழே பிடித்தேன். மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"தண்ணி ஊத்தாம போன புள்ளைங்கம்மா. ஞானஸ்நானம் இல்லாததுக்கு மந்திரிச்ச கல்லறையில எடம் கெடையாது. வெளியில பொட்டல்ல பொதைக்கணும். பெத்தவங்க கேப்பாங்களா? முதல் மணிக்கு முன்னாடி எங்கப்பாகிட்ட கொண்டு வருவாங்க. ஓட்டுல வெச்சு மூடி இங்க பொதைப்பாரு. கோயில் கூரைமேல விழுந்த தண்ணி கோயில் தண்ணிதானே. சாமியாரு ஊத்தாததை மழை ஊத்தும்."

"இதை என்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா, யார் வீட்டுப் புள்ளைன்னு கேப்பீங்க. எங்கப்பா சாகறப்ப வாங்கின சத்தியம்."

சத்தியம். நான்கு லோடு போகும்வரை காத்த சத்தியம். அவரை அறையலாம் போல இருந்தது. அவரை மட்டுமா?

ஃபாதரிடம் போனேன். "இப்ப திருச்சபை அப்படிச் சொல்லிக் குடுக்கிறதில்லம்மா. அந்தக் குழந்தைங்களைக் கடவுளோட இரக்கத்துல ஒப்படைக்கிறோம். அப்ப அது ஒரு கருத்தா இருந்தது, அவ்வளவுதான்" என்றார். கருத்து! ஒரு கருத்துக்காகப் பெற்றவர்கள் திருடர்கள் மாதிரி இருட்டில் ஓட்டைச் சுமந்து வந்திருக்கிறார்கள். கருத்து மாறியபோது ஒருவரும் வந்து அவர்களிடம் சொல்லவில்லை. எனக்கு அவர் முன்னால் உட்காரவே பிடிக்கவில்லை.

நான் பிறந்து வளர்ந்த மதம் இது. இதன் வரலாற்றைத்தான் நான் நகைச்சுவையாக எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 10

வேலைக்குப் போகவில்லை.

ஜூலை 11

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்கப் பேச்சு பரவியாயிற்று, அவளுக்கு மட்டும் வராமல் இருக்குமா. நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"எத்தனாவது முட்டுச்சுவர்கிட்டத் தோண்டினாங்க?"

எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று சொல்லத் தெரியவில்லை. தலையணை உறையை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"ஏம்மா?"

"உனக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு. பையன்."

அவ்வளவுதான், பிறகு அவளே சொன்னாள். அழவில்லை. யாரோ வீட்டுக் கதை மாதிரி. "செத்துத்தான் பொறந்துச்சு. மருத்துவச்சி கையில செம்புத் தண்ணி தயாரா வெச்சிருந்தா. மூச்சு இருந்தா யாரு வேணா ஊத்தலாம். இவனுக்கு இல்ல. செத்ததுக்கு ஊத்தக் கூடாதுன்னு கீழ வெச்சிட்டா. ஒரு சொட்டு ஊத்துடின்னு கெஞ்சினேன். பாவம்னுட்டா. உங்கப்பாதான் எடுத்துட்டுப் போனார். மூணுக்கும் நாலுக்கும் நடுவுலன்னு வந்து சொன்னார். அப்புறம் அதைப் பத்திப் பேசவே கூடாதுன்னுட்டார். பேசல."

அறுபத்திரண்டு வருடம். மழையில் நனைந்து வந்தபோதெல்லாம் நான் கத்தியிருக்கிறேன். 'உனக்கு அறிவிருக்கா' என்று.

"எத்தனாவதுகிட்டத் தோண்டினாங்க?" மறுபடியும் கேட்டாள்.

"அஞ்சாவதுலம்மா. அஞ்சுலேர்ந்து ஆரம்பிச்சு அந்தப் பக்கமா. நீ சொல்ற எடத்துல கை வெக்கல."

"நல்லவேளை" என்றாள்.



ஜூலை 13

அறிக்கையை எழுதிய அந்த இரண்டாவது சாமியாரின் சொந்த வேலைக் குறிப்பேடு ஃபாதரின் அலமாரியில் கிடைத்தது. கரையான் ஓரத்தைத் தின்றிருக்கிறது, நடு பாக்கி இருக்கிறது. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"தெற்குக்குப் பீலி முடிந்தது. வடக்குக்கு அளவெடுக்க ஆள் ஏறியபோது எட்டு ஸ்திரீகள் வந்து ஏணியடியில் நின்றார்கள். வாய் திறக்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். உச்சி வெயில் வரை விடவில்லை. எனக்கு விளங்கிற்று. வடக்குக் கூரைக்குப் பீலி இல்லை. மேலிடத்துக்குத் தகரம் போதவில்லை என்று எழுதினேன்."

நல்லவர் என்று முதலில் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து அவர்மேலும் வெறுப்பு வந்தது. விளங்கிற்றாம். விளங்கியவர் கல்லறைக் கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டியதுதானே? ஒரு பொய்யை எழுதித் தன் மனசாட்சியைக் காயவைத்துக்கொண்டார். அந்தப் பொய்யை நான் நம்பினேன். அதற்கு மேல் ஜோக் எழுதினேன். அதற்கு மேல் டிராக்டர் ஓட்டினேன்.

எட்டுப் பெண்கள். என் அம்மா ஒற்றை ஆளாக என் மேசை ஓரத்தில் நின்று வேணாம் என்றாள். நான் ஏணியிலிருந்து இறங்கவில்லை.

ஜூலை 16

கமிட்டிக் கூட்டம். வடக்குப் பீலி ரத்து, கால்வாய் ரத்து, தோண்டியதை மூடுவது. ஃபாதர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார், உயர்த்திவிட்டு அவரே பயந்துபோனார். எடுத்த ஓடுகளைத் திரும்ப வைத்து வேறு மண் போட்டு மூடினோம். நான் கூடவே நின்றேன். ஃபாதர் மந்திரித்தார். வெறுங்குழியாகக் கிடந்த மூன்று-நான்கு நடுவிலும் தண்ணீர் தெளித்தார். அங்கே ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

நான்கு லோடு பற்றி யாரும் பேச்சை எடுக்கவில்லை. நானும்தான்.

முடிந்ததும் தலைவருக்கு ஒரு யோசனை. "இங்க ஒரு கருங்கல் பலகை வெச்சா என்ன? 'மழலையர் நினைவிடம்'னு. எங்க கடை உபயம்." இரண்டு பேர் கை தட்டினார்கள். முந்தாநாள்வரை மூக்கைப் பொத்திய மனுஷன்! அட, வெட்கம் என்று ஒன்று அறவே கிடையாதா?

ஜூலை 30

மலருக்கு வரலாற்றைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். ஏணியடிப் பெண்கள், ஓடு, எல்லாம். இன்று திரும்பி வந்தது. "சந்தோஷமான நேரத்துல இது எதுக்கு?" என்று ஓரத்தில் பச்சை மையில். பழைய பதிப்பையே அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். தகரம் தீர்ந்துபோன ஜோக்கோடு. கீழே என் பெயர்.

ஆகஸ்ட் 17

ஜூபிலி. மேற்றிராணியார், பிஷப்தான், வந்தார், பீடத்தின் நீல ஓட்டைப் பார்த்து "சுத்தமா வெச்சிருக்கீங்க" என்றார். பாராட்டா என்று தெரியவில்லை. முன்மேட்டில் பதினொரு கார் நின்றது. சக்கரங்களைப் பார்க்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு, பூசை முழுக்க அவற்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். நன்மை அப்பம் வாங்க வரிசையில் போகவில்லை.

அம்மா மலரை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். என் பெயர் வந்திருக்கிறதாம்.

ஆகஸ்ட் 24

பூசை முடிந்து வடக்குக் கதவு வழியாக வந்தாள். நான் கையைப் பிடித்திருந்தேன். சுவரோரமாக நடந்தவள் செருப்பைக் கழற்றினாள். மூன்றாவது முட்டுச்சுவரைத் தாண்டிக் காலை ஊன்றினாள், அழுத்தினாள். நான்காவதைத் தாண்டி மறுபடி. ஐந்தாவதைத் தாண்டி மறுபடி. பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"கண்ணுதான் மங்கல். காலுக்கு நல்லாத் தெரியுது. அஞ்சாவதுல மண்ணு கெட்டியா இருக்கு. மூணாவதுல புதையுது."

என் பக்கம் திரும்பினாள்.

"எங்க கொட்டுனீங்க?"

கையைப் பிடித்து முன்மேட்டுக்குக் கூட்டிப் போனேன். மூலையைக் காட்டினேன். நான்தான் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன். நோட்டில் எழுதிய வரியையும் சொன்னேன். அடிக்கட்டும் என்று நினைத்தேன். சின்ன வயதில் எவ்வளவு சுலபமாக அடிப்பாள்.

அண்ணாந்து பார்த்தாள். "இங்க மேல ஒண்ணுமில்லையே" என்றாள். அதற்குத்தான் அவள் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆபீசுக்கு வேலை கொடுக்க வந்தவள் மாதிரி பேசினாள்.

"தெக்கால கழட்டின ஓடு அடுக்கி வெச்சிருக்காங்கல்ல. அது கோயில் ஓடுதானே. அதை வெச்சு இங்க ஒரு கூரை போடு. பீலி வெக்காத."

ஆகஸ்ட் 31

கார் நிற்க ஒரு கொட்டகை என்று வரைபடத்தை வைத்தேன். பதினெட்டு அடிக்குப் பத்து, ஒரு பக்கச் சாய்வு, பழைய ஓடு. தலைவருக்கு வாயெல்லாம் பல். தன் காருக்கு நிழல் வரப் போகிறது. அப்புறம் பார்த்தார்.

"பீலி வரையலையே? தண்ணி தரையில கொட்டும்."

"கொட்டணும்."

"அது எதுக்கு?"

ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. சுலபமான பொய். நூறு வருடமாக இந்தக் கோயிலில் ஆளாளுக்குச் சொல்லி வழவழவென்று ஆகியிருக்கும் பொய். எனக்கு அதன் ருசியே பிடிக்கவில்லை.

"ஜூலை ஏழாம் தேதி அள்ளின நாலு லோடும் அங்கதான் கிடக்கு. நம்ம கோயில் பிள்ளைங்க. அதுல ஒண்ணு எங்கண்ணன். அந்தச் சீட்டுல கையெழுத்து என்னுது."

ஒருவர் தண்ணீர்க் குவளையைத் தேடினார். தலைவர் வரைபடத்தைச் சுருட்டி, பிரித்து, "சரி, பீலி வேணாம்" என்றார். மன்னிப்பாவது, வருத்தமாவது, அதெல்லாம் கிடையாது. அடுத்த விஷயம் மைக் செட் ரிப்பேர்.

செப்டம்பர் 12

ஓடு வேய்ந்தாயிற்று. அந்தச் சித்தாளைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். வந்தாள். நூற்றெண்பது ஓடு எடுத்துக் கொடுத்தாள், ஒன்றுகூட உடையவில்லை.

செப்டம்பர் 20

என் வாயிலிருந்து வந்த பேச்சு ஊரைச் சுற்றிவிட்டது. இன்று மட்டும் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். எல்லாம் எழுபது, எண்பது. ஒருத்தி பேரனோடு வந்து, அவனைத் தெருவில் நிற்க வைத்துவிட்டு உள்ளே வந்தாள். யாரும் கதை சொல்வதில்லை. "ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல, பொண்ணு" என்பார்கள். "அஞ்சுல, ரெட்டை" என்பார்கள். நான் வடக்குச் சுவர் வரைபடத்தை மேசையில் விரித்து, சொன்ன இடத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போடுகிறேன். அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இதுவரை பதினான்கு.

நேற்று தலைவரின் மாமியார் வந்தாள். வாசலிலேயே நின்று, "ஆறுல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மருமகனுக்குத் தெரியாதாம்.

அக்டோபர் 4

காலையிலிருந்து நல்ல மழை. தலைவரின் கார் கொட்டகைக்குள் நிற்கிறது, அதுவும் தன்னுடையது என்ற நினைப்பில். பின்கண்ணாடியில் கடைப் பெயர். பார்த்தாலே எரிகிறது. இனி அந்த எரிச்சலோடுதான் இருக்கப் போகிறேன்.

பூசை முடிந்து ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். பக்கத்து ஊருக்கு வாக்கப்பட்டுப் போனவளாம், இப்போதுதான் கேள்விப்பட்டாளாம். கையில் ஒரு கம்பு. வரைபடத்தை விரிக்கச் சொல்லவில்லை, நேராக வடக்குப் பக்கம் நடந்தாள். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல" என்றாள். "பேரு வெச்சிருந்தோம். உள்ளுக்குள்ளதான்."

அங்கேயே நிற்க விட்டிருக்கலாம். ஃபாதர் மந்திரித்த இடம், கூரைத் தண்ணீர் சரியாக அதன்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நிம்மதியாகப் போயிருப்பாள்.

"அம்மா, இங்க இல்லம்மா" என்றேன். "நான் தோண்டி எடுத்துட்டேன். தெரியாம. மன்னிச்சிடுங்க. வாங்க, எங்க இருக்குன்னு காட்டுறேன்."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. என் கையையும் பிடித்துக்கொள்ளவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு கூட நடந்தாள்.

கொட்டகை விளிம்புக்கு நேர் கீழே அம்மா ஏற்கெனவே நின்றிருந்தாள், குடை இல்லாமல். ஓட்டிலிருந்து தண்ணீர் திரை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. வந்தவளை ஒருமுறை பார்த்தாள், அவள் கேட்பதற்குள் ஒரு பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள். நான் குடையை மடக்கினேன்.